கரண்ட் வைக்கிற வாரங்களில் வேலைக்கும் போய் வருவது எப்படி

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை, பேச்சுவழக்கில் சொன்னால் கரண்ட், ஆரம்பிக்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, "வேலைக்குப் போகலாமா?" என்றுதான். நிறையப் பேர் போகிறார்கள், போகலாம். ஆனால் முதல் வாரம் உடம்பு இருக்கிற இருப்பை வைத்து மொத்த நாளுக்கும் திட்டம் போட்டுவிடாதீர்கள். முதல் பத்து நாள் பலருக்கு ஒன்றுமே தெரியாது, இவ்வளவுதானா என்று தோன்றும். அசதி இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் தலைகாட்டும், கடைசி வாரத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரம் விடாது. அதனால் லீவை முன்னாடியே கரைக்காமல் கடைசிக்குச் சேர்த்து வையுங்கள்.

சிகிச்சை பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, சனி ஞாயிறு லீவு. மார்பகம் என்றால் பல இடங்களில் 15 சிட்டிங் (ஒரு தடவை போய் வைத்துக்கொள்வது ஒரு சிட்டிங்), அதாவது 3 வாரம். வாய், தொண்டை என்றால் 30 முதல் 35 வரை, 6, 7 வாரம் ஓடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து 25 சிட்டிங் போல, அப்புறம் உள்ளே வைக்கிற கதிர்வீச்சு தனி. உங்களுக்கு எத்தனை, கூடவே கீமோ உண்டா என்பதை கதிர் பட வேண்டிய இடத்தை உடம்பில் குறித்து மார்க்கிங் போடுகிற அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு கீமோ உண்டென்றால் அன்றைக்கு ஆபீஸ் கிடையாது, அதில் யோசிக்கவே வேண்டாம்.

அதே நாளில் கேட்க வேண்டிய இன்னொன்று, இதுதான் முக்கியம்: உங்கள் நேரம். மெஷினில் படுத்திருப்பது பத்து, இருபது நிமிடம்தான். மீதியெல்லாம் பயணமும் காத்திருப்பும், ஆளை அடித்துப் போடுவதும் அதுதான். சென்னையில் அடையாறு பக்கம் சிகிச்சை, வீடு செங்கல்பட்டு, வேலை ஓ.எம்.ஆர். என்றால் காலை முதல் நேரங்களில் ஒன்றைக் கேளுங்கள். கூட்டம் ஏறுவதற்கு முன்னாலேயே மின்சார ரயிலில் உட்கார்ந்து கிண்டியில் இறங்கி, சர்தார் படேல் சாலை வழியாக ஒரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் சிகிச்சை முடித்து அப்படியே ஆபீஸ் போய்விடலாம். வேலை கிண்டி, அம்பத்தூர் பக்கம் என்றால் மாலை நேரம் தோதாக இருக்கலாம், ஆனால் மத்திய கைலாஷ் சந்திப்பு நெரிசலையும் கணக்கில் வையுங்கள். முதல் நாள் கொடுத்த நேரத்தை அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள், வேலைக்குப் போகிறேன் என்று டெக்னீஷியனிடம் வாய்விட்டுச் சொன்னால் முடிந்தவரை மாற்றித் தருவார்கள்.

மெஷின் எந்த ஆஸ்பத்திரியிலும் ரிப்பேர் ஆகும். ஆகவே மேலதிகாரியிடம் "ஒரு மணி நேரம் லேட்டாக வருவேன்" என்று சொல்வதைவிட "மதியம் வரைக்கும் என்னை எதிர்பார்க்காதீர்கள், சீக்கிரம் முடிந்தால் வந்துவிடுகிறேன்" என்று சொல்வது இரண்டு பேருக்கும் நல்லது. டாக்டர் பார்க்கிற நாள், ரத்தப் பரிசோதனை நாள் வாரத்தில் ஒன்று வரும், அன்றைக்கு மீட்டிங் வேண்டாம்.

ஆபீசில் ஆடிட், வீட்டில் விசேஷம் என்று ஒரு நாள் விட்டுவிடலாமா என்று தோன்றும். கூடாது. இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கிற புற்றுச் செல்கள் மறுபடி பெருக ஆரம்பிக்கும், தொண்டையிலும் கருப்பை வாயிலும் இது ரொம்பவே பாதிக்கும். கருப்பை வாய்க்கு உள்ளே வைப்பதும் சேர்த்து மொத்தமும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று டாக்டர்கள் துரத்துவது அதனால்தான். பொங்கல், தீபாவளி விடுமுறை நடுவில் வந்தால் அதை எப்படிச் சரிக்கட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். சனிக்கிழமை வரச் சொல்லலாம், ஒரே நாளில் 6 மணி நேரம் விட்டு இரண்டு முறை வைக்கலாம், கடைசியில் ஒரு நாள் கூட்டலாம், அது அவர்கள் முடிவு. காய்ச்சல் என்றாலும் நீங்களாக வீட்டில் இருந்துவிடாமல் போன் பண்ணிக் கேளுங்கள்.

பயணம் உடம்பில் எந்த இடத்தில் சிகிச்சை என்பதைப் பொறுத்து மாறும். அடிவயிற்றில் வைக்கிறவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். அதற்காக வீட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டு ரயில் ஏறாதீர்கள், புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. போய்ச் சேர்ந்து, ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு, சொல்கிற அளவு குடித்துக் காத்திருப்பதுதான் முறை. சில வாரத்தில் வயிற்றுப்போக்கும் வரலாம். வழியில் எந்த ஸ்டேஷனில் கழிப்பறை உருப்படியாக இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பையில் ஒரு மாற்றுத் துணி போட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையை டாக்டரைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மார்பகம் என்றால் அந்தப் பக்கத் தோளில் பை மாட்டாதீர்கள். காரில் சீட் பெல்ட் உரசுகிற இடத்தில் மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் வைக்கிறவர்களுக்கு ஹெல்மெட் வார் உரசும், வெயிலும் ஆகாது, அசதி வந்த பிறகு டூவீலர் ஓட்டுவதே வேண்டாம். எல்லோருக்கும் பொதுவானது: தளர்வான பருத்தி உடை, மார்க்கிங்கைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீர், ஒற்றித் துடைப்பது. யாராவது பெரியம்மா மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்வார், பவுடர் போடு என்பார், தேங்காய் எண்ணெயும் வரும். கும்பிட்டுவிட்டு டாக்டரைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

வாய், தொண்டை சிகிச்சைதான் வேலையோடு மல்லுக்கட்டுவதில் கடினம். ஆசிரியர், கால் சென்டர் மாதிரி பேசிப் பிழைக்கிற வேலை என்றால் குரலும் எச்சிலும் போவதால் மூன்றாவது வாரத்துக்கு மேல் நீண்ட லீவுக்கே ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை மதியத்துக்குக் குழைந்த தயிர்சாதம், பிளாஸ்க்கில் ராகிக் கஞ்சி, மசித்த முட்டை என்று உறைப்பில்லாமல் கொண்டு போங்கள். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும், ஆபீஸ் மேசையிலும் ஒரு பாட்டில் இருக்கட்டும். சாப்பாடு குறைந்து எடை இறங்கினால் சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிக்க முகத்துக்குச் செய்த மாஸ்க் தொளதொளவென்று ஆகி, சில சமயம் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டி வரும்.

பணம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை, புற்றுநோய்க்கு அதற்கு மேலும் 80 சதவீதம் நீட்டிப்பு உண்டு, அதற்கு 2 வருடத் தொடர் வேலை வேண்டும். வேலைக்குப் போன நாளுக்கு இந்தப் பணம் கிடையாது, ஆகவே இழுத்துக்கொண்டு பாதி நாள் போவதா, சான்றிதழ் வாங்கி ஓய்வெடுப்பதா என்று கணக்குப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே அனுமதி வாங்குங்கள். வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் சீலும் போட்ட படிவத்தோடு கவுன்டருக்குப் போக வேண்டும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டி இலவசம்தான்.

பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தால் சொல்லிவிடுங்கள்: வெளியிலிருந்து வைக்கிற கதிர்வீச்சு உடம்பில் தங்காது, மெஷின் நின்றதும் முடிந்தது. பிள்ளைகளைத் தூக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம்.

கடைசி சிட்டிங் வெள்ளிக்கிழமை என்றால் திங்களே முழு நேரம் வருகிறேன் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். தோல் எரிச்சலும் வாய்ப்புண்ணும் அதற்குப் பிறகும் சில நாள் கூடத்தான் செய்யும். முதல் ரிவ்யூ தேதியை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிந்திய ஒரு நாளை, முதல் வாரம் அரை நாள் என்று சேர்த்து எச்.ஆருக்குக் கொடுங்கள்.