விழித்திரைத் தமனி அடைப்பு: உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கண்ணில் வலியே இல்லாமல் திடீரென்று பார்வை போனால், முகத்தைக் கழுவிவிட்டுப் படுத்து "காலையில் பார்க்கலாம்" என்று விடுவதுதான் மிகப் பெரிய தவறு. வலி இல்லாததால் அவசரம் இல்லை என்று தோன்றிவிடுகிறது. விழித்திரையின் மையத் தமனி அடைபடுவது கண்ணுக்குள் நேரும் பக்கவாதம். குரங்குகளில் நடந்த சோதனைகளில், அடைப்பு 97 நிமிடங்களுக்குள் விலகியபோது விழித்திரை மீண்டது. 240 நிமிடங்கள் நீடித்தபோது பெருஞ்சேதம் நிலைத்துவிட்டது. மனிதர்களுக்குப் பெரும்பாலும் ரத்தம் கொஞ்சமாவது கசிந்து ஓடுவதால்தான், 24 மணி நேரத்துக்குள் வருபவர்களுக்கும், அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜனைச் சுவாசிக்கவைக்கும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையை முயன்று பார்க்கிறார்கள். அந்த 24 மணி நேரத்தை அவகாசம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆக்சிஜன் அடைப்பைக் கரைத்துவிடும் என்று நம்புவதும் பிழை. விழித்திரையின் வெளி அடுக்குகளுக்கு அதன் பின்னால் இருக்கும் கோராய்டு படலத்திலிருந்து ரத்தம் கிடைக்கிறது. பட்டினி கிடப்பது உள் அடுக்குகள்தான். உயர் அழுத்தத்தில் ரத்த நீரில் ஏராளமான ஆக்சிஜன் கரைவதால், அது கோராய்டிலிருந்து உள் அடுக்குகள் வரை ஊடுருவி, தமனி தானாகத் திறக்கும் வரை அவற்றை உயிரோடு வைத்திருக்க முயல்கிறது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. சான்றுகளும் பெரும்பாலும் சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தவை.

அழுத்த அறை கிடைக்கும் வரை சும்மா காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவிலேயே, சேமிப்புப் பை உள்ள முகமூடி வழியாக நிமிடத்துக்கு சுமார் 15 லிட்டர் ஆக்சிஜனைத் தொடங்கலாம். ஏறத்தாழ 15 நிமிடத்தில் பார்வை தெளியவில்லை என்றால் அறைக்கு மாற்றுவது வழக்கம். அங்கே 2 முதல் 2.8 மடங்கு வளிமண்டல அழுத்தம் தருவார்கள். சாதாரணக் காற்றை 1.3 மடங்குக்கு மட்டும் ஏற்றும் மென்கூடாரங்கள் இதற்கு ஈடாகாது. எல்லா மருத்துவமனையிலும் இந்த அறை இருக்காது. இருந்தாலும் இரவில் இயங்காமல் போகலாம். கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

அறைக்கு ஓடும் பதற்றத்தில் பக்கவாதப் பரிசோதனை விடுபட்டுவிடக் கூடாது. அடுத்த சில நாட்களில் மூளைப் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுதல் என்பதால் மூளை ஸ்கேன், கழுத்துத் தமனி, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிய தலைவலி, மெல்லும்போது தாடை வலி இருந்தால் தமனிச் சுவர் வீங்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் ராட்சத செல் தமனி அழற்சியாக இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு மருந்து தாமதமானால் மறு கண்ணும் போகலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து தரலாமா என்பதைப் பார்வை போன 4.5 மணி நேரத்துக்குள் மருத்துவர் முடிவு செய்தாக வேண்டும். கண்ணை அழுத்தித் தேய்ப்பதற்கு நிரூபிக்கப்பட்ட பலன் இல்லை.

மறைக்கக் கூடாத தகவல்கள் சில உண்டு. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறும்போது வாயு சுருங்கும். இறங்கும்போது விரிந்து கண் அழுத்தத்தை உயர்த்தி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். நுரையீரல் உறையில் காற்று கசிந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் உள்ளே போகவே கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே சர்க்கரை குறையலாம்; முன்னதாக அளந்து பாருங்கள். தைலம், ஒப்பனைப் பொருள், லைட்டர், கைபேசி எல்லாம் வெளியே இருக்கட்டும். ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். அப்படியும் வலித்தால் தாங்கிக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள், அழுத்தம் ஏற்றுவதை நிறுத்துவார்கள். பொறுத்துக்கொண்டால் செவிப்பறை கிழியக்கூடும்.

உள்ளே பார்வை திரும்பியதும் குணமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வெளியே வந்தபின் மறுபடி மங்கினால் தமனி இன்னும் திறக்கவில்லை என்று பொருள். அடுத்த அமர்வு உடனே தேவைப்படலாம். அடுத்த சில மாதங்களுக்குக் கண் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். ரத்தம் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை முளைக்கவைத்தால், கடுமையான வலியுடன் கண் அழுத்த நோய் வரக்கூடும்.