குளிர்காலம் கழிந்து நேரோபோட்டைக் கிளப்புமுன்

மார்ச் மாதக் கடைசியில் இங்கிலாந்தில் வெயில் எட்டிப்பார்த்ததும், நவம்பர் முதல் கட்டிக்கிடந்த நேரோபோட்டின் (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய நீண்ட படகின்) கயிற்றை உடனே அவிழ்க்கத் தோன்றுவது இயல்பு. அந்த முதல் நல்ல நாளைப் படகு கட்டியிருக்கும் இடத்திலேயே செலவிடுங்கள் என்பதுதான் என் அழுத்தமான வேண்டுகோள். உறைபனி செய்த சேதம், குழாய்களில் தண்ணீரும் எஞ்சினில் சுமையும் திரும்ப ஏறும்வரை கண்ணில் படாது. அதைக் கரையோரத்தில் கண்டுபிடிப்பதற்கும், மனித நடமாட்டமில்லாத ஒரு கால்வாய் வளைவில் கண்டுபிடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குளிர்காலத்துக்கு முன் திறந்துவிட்ட வடிகுழாய்களை எல்லாம் மூடி, தொட்டியை நிரப்பி, பம்பை இயக்கி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து காற்று முழுதும் வெளியேறும்வரை ஓடவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். யாரும் தண்ணீர் திறக்காதபோதும் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறுமினால், எங்கோ கசிகிறது என்று பொருள். முதலில் சந்தேகிக்க வேண்டியது குளியலறை ஷவரின் கலப்பு வால்வு. மற்ற குழாய்களை வடித்தவர்கள்கூட அதற்குள் தங்கும் சிறிதளவு நீரை மறந்துவிடுகிறார்கள். அது உறைந்து விரியும்போது வால்வு வெடிக்கிறது. நானும் ஒரு வசந்தத்தில் இப்படித்தான் மரப்பலகைக்குப் பின்னால் கசிந்த நீரைத் தரை ஊறிய பிறகே கவனித்தேன். கசிவில்லை என்று உறுதியான பின், குடிநீர்த் தொட்டிக்கென விற்கப்படும் கிருமிநாசினியைக் கலந்து, அதன் உறையில் குறித்த நேரம் வைத்திருந்து, நன்றாக அலசிவிடுங்கள்.

அடுத்தது எஞ்சின் அறை. ஆயிலையும் குளிர்விக்கும் நீரையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்ப்பது அனைவரும் அறிந்ததே. டீசலைத்தான் பலர் மறக்கிறார்கள். பாதி காலியாக விட்ட தொட்டியின் உட்சுவரில் ஈரம் படிந்து அடியில் நீராகச் சேரும். டீசலும் நீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கருங்குழம்பாகி, ஃபில்டரை அடைக்கும். நீர் பிரிப்பானின் அடியிலிருந்து சிறிதளவு டீசலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், நீர் இருந்தால் அது அடியில் தனியாகத் தேங்கித் தெரியும். லெட்-ஆசிட் பேட்டரிகளை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். ஓர் இரவிலேயே 12.2 வோல்ட்டுக்கு இறங்கினால் அவற்றின் காலம் முடிந்துவிட்டது.

ப்ரொப்பெல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்டில், கிரீஸ் பூசும் வகையாக இருந்தால், கைப்பிடி இறுகும்வரை திருகுங்கள். ப்ரொப்பெல்லருக்கு மேலுள்ள வீட் ஹேட்ச் என்னும் திறப்பை, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்ட பிறகே திறந்து, ப்ரொப்பெல்லரில் சுற்றிய குப்பையை நீக்குங்கள். அதன் மூடியின் ரப்பர் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், சுழலும் ப்ரொப்பெல்லர் கால்வாய் நீரை எஞ்சின் அறைக்குள் இறைத்துப் படகையே மூழ்கடிக்கும்.

குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளில் துணி திணித்தவர்கள் அதை இன்றே எடுத்துவிட வேண்டும். அடுப்பின் கதவிடுக்கை அடைக்கும் கயிறு, புகைக்குழாய், கேஸ் குழாய் இணைப்பு ஆகியவற்றைச் சோதித்து, கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்திப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சோதனையில் இந்த அலாரம் கட்டாயம். அந்தச் சோதனைச் சான்றிதழ் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது; காப்பீடும் உரிமமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியைத் தீர்மானிக்குமுன் கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் அறிவிப்புகளைப் படியுங்கள். பெரும்பாலான பழுதுபார்ப்பு வேலைகள் நவம்பர் முதல் மார்ச் வரை நடந்தாலும், சில நீண்டுவிடுவதுண்டு. 2025 கோடையில் வறட்சியால் லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதி மூடப்பட்டதை நினைத்தால், நீண்ட பயணத்துக்கு ஒரு மாற்றுவழி வைத்திருப்பது அவசியம் என்பது புரியும். ஆற்றோடு சேரும் பகுதிகளில் நீர்மட்டப் பலகை சிவப்பைக் காட்டினால், எவ்வளவு அவசரமானாலும் கட்டிப்போட்டுக் காத்திருங்கள்.

முதல் பயணம் குறுகியதாக, நான்கைந்து லாக்குகளுக்கு (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றியிறக்கும் கதவடைப்புகளுக்கு) மேல் இல்லாததாக இருக்கட்டும். ஹாட்டன் என்னும் இடத்தில் வரிசையாக உள்ள 21 லாக்குகள் மே மாதத்திலும் அங்கேயேதான் இருக்கும். ஏறத்தாழ 7 அடி அகலமுள்ள குறுகிய லாக்கில் 6 அடி 10 அங்குலப் படகு நுழையும்போது, உரசலைத் தடுக்கப் பக்கத்தில் தொங்கும் ஃபெண்டர்கள் சிக்கிக்கொள்ளும், முன்னதாகவே தூக்கிவிடுங்கள். கீழிறங்கும்போது மேல் கதவையொட்டி நீருக்கடியில் நீண்டிருக்கும் சில் என்னும் திட்டில் படகின் பின்பகுதி உட்கார்ந்துவிட்டால், நீர் வடிய வடிய முன்பகுதி தாழ்ந்து படகு மூழ்கும். சுவரிலுள்ள வெள்ளைக் குறியைத் தாண்டி முன்னாலேயே படகை நிறுத்துங்கள். லாக்கின் நீரை வடிக்கும் பேடில் என்னும் மதகைத் திறப்பவர் கைபேசியை அல்ல, படகையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏதேனும் சிக்கினால் உடனே மூடுவது அவர் கையில்தான் இருக்கிறது.

கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைத்து, எஞ்சினை மிகக் குறைந்த சுழற்சிக்குக் கொண்டுவாருங்கள். குளிர்கால மழையில் ஊறிய கரைமண்ணில் படகு கட்ட அடித்த முளைகள் இந்தப் பருவத்தில் எளிதில் பிடுங்கிக்கொள்ளும். வாத்துகள் படகின் கூரைப் பூந்தொட்டியிலேயே முட்டையிடுவதும் உண்டு. பயன்பாட்டில் உள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகையால், கிளம்புமுன் கூரையையும் பாருங்கள்.

மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் தரைப்பலகையைத் தூக்கி பில்ஜ் என்னும் படகின் அடிப்பகுதியில் நீர் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெர்ன் கிளாண்டை இன்னொரு முறை திருகிவிட்டுப் படுக்கப் போங்கள்.