முதல் மேசைக்கு மரமும் பூச்சும் தேர்ந்தெடுப்பது எப்படி?

சொந்தக் கையால் ஒரு எழுது மேசை செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மரம் நல்ல மரம்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த மரம் காய்ந்திருக்கிறதா? நான் செய்த முதல் மேசையின் பலகை அருமையான தேக்கு. உள்ளே ஈரம் இருந்ததைக் கவனிக்காமல், கீழே இருக்கும் சட்டத்தோடு சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டேன். நாலு மாதம் கழித்து ஒருநாள் ராத்திரி, படீரென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், பலகையின் ஓரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்கு விரிசல். சுருங்க நினைத்த பலகையைச் சுருங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: மேசையில் என்ன நடக்கப்போகிறது?

கணினி வைத்துத் தட்டுவதற்கு மட்டுமா, நோட்டு வைத்து அழுத்தி எழுதுவீர்களா, சூடான கோப்பை வருமா, குழந்தைகள் வண்ணம் தீட்டுவார்களா? இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மரத்தையும் பூச்சையும் முடிவு செய்யப்போவது இந்தத் தாள்தான்.

படி 2: மரம்

தேக்கு: கையாள எளிது, பூச்சி எளிதில் அண்டாது, வளைவதும் குறைவு. ஆனால் இந்தக் குணமெல்லாம் நடுவில் உள்ள வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான். ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதிக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் கிடையாது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு என்பதால், பசை போடுவதற்கும் பூச்சு அடிப்பதற்கும் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

பைன்: லேசானது, அறுக்கச் சுலபம். ஆனால் மென்மையானது. ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழும். ஒற்றைத் தாளை வைத்து அழுத்தி எழுதினால், எழுத்து அப்படியே பலகையில் பதியும். கால்களுக்கும் சட்டத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மேல்பலகைக்கு யோசித்துச் செய்யுங்கள்.

ரப்பர் மரம் நல்ல உறுதி. மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பூச்சி துளைத்துவிடும்.

முதல்முறை செய்கிறவருக்கு நான் மனதாரச் சொல்வது 18 மில்லிமீட்டர் பிளைவுட். மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், அது விரிவதும் சுருங்குவதும் கண்ணுக்கே தெரியாது. இரண்டு விஷயம் கவனியுங்கள். அகலமான மேசை என்றால் நடுவில் தொய்யும், அதனால் முன்பக்கமும் பின்பக்கமும் கீழே ஒரு சட்டம் கொடுங்கள். அப்புறம், அடுக்கு தெரியும் விளிம்பில் மெல்லிய மரப்பட்டி ஒட்டி மூடுங்கள்.

படி 3: காய்ந்ததா என்று பார்ப்பது

வீட்டுக்குள் வைக்கும் சாமான்களுக்குப் பொதுவாக 8 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கலாம். இதை அளக்க மீட்டர் உண்டு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பலகையை வாங்கி வந்து, மேசை நிற்கப்போகும் அதே அறையில், இடையிடையே குச்சி கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை அறுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். எடை குறையும்வரை ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சின்னத் துண்டு சீக்கிரம் காய்ந்துவிடும், பெரிய பலகை மெதுவாகத்தான் காயும். எனவே துண்டின் எடை நிலைத்த பிறகும் சில வாரம் பொறுங்கள்.

காய்ந்த பிறகும் மரம் சும்மா இருக்காது. காற்றில் ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் ஒன்றும் தெரியாது, அகலவாக்கில்தான் எல்லாம். 60 சென்டிமீட்டர் அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் நகரலாம். ஆகவே சட்டத்தில் ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை போடாமல், பலகையின் அகலவாக்கில் நீண்ட துளையாகப் போடுங்கள். ஸ்க்ரூ பிடித்திருக்கும், ஆனால் பலகைக்கு நகர இடம் இருக்கும்.

படி 4: தேய்த்தல்

உப்புத்தாள் 80 அல்லது 120, பிறகு 180, கடைசியில் 220 (எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்). எப்போதும் ரேகை ஓடும் திசையில். ஒவ்வொரு தாளுக்கு முன்னாலும் பலகை முழுக்கப் பென்சிலால் மெதுவாகக் கிறுக்குங்கள். கிறுக்கல் எல்லா இடத்திலும் மறைந்தால்தான் அடுத்த தாள். பிளைவுட்டில் மட்டும் கை லேசாக இருக்கட்டும், மேல்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

படி 5: பூச்சு

"பாயில்டு" என்று விற்கும், சீக்கிரம் காயும் ஆளிவிதை எண்ணெய் பூசினால் மரம் மரமாகவே தெரியும், தொட இதமாக இருக்கும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். ஆனால் தண்ணீருக்கும் சூட்டுக்கும் பாதுகாப்பு குறைவு. துணியால் பூசி, கால்மணி நேரம் விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுங்கள். ஒருநாள் இடைவெளியில் மூன்று தடவை. தேங்காய் எண்ணெய் போன்றவை காயவே காயாது, அவற்றைத் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள்.

அரக்குப் பாலிஷ் அழகில் முதல் தரம், அதில் சந்தேகமில்லை. அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைப்பதை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறோம். சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரையும். தினமும் உழைக்கும் மேசைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

பாலியூரிதேன் என்ற வார்னிஷ்தான் பெரும்பாலான மேசைகளுக்குச் சரி. எண்ணெய் கலந்த வகை லேசான தேன்நிறம் தரும், மெதுவாகக் காயும். தண்ணீர் கலந்த வகை நிறத்தை மாற்றாது, ஓரிரு மணி நேரத்தில் அடுத்த கைக்கு, அதாவது அடுத்த தடவை பூசுவதற்கு, தயார். இந்த இரண்டாவது வகைக்கு முன்னால் பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழுந்து நிற்கும் நார்களை 220 தாளால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். மூன்று கை போதும், இடையில் 320 தாளால் மெல்லத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.

படி 6: துண்டில் பார்த்துவிட்டுப் பலகைக்கு வாருங்கள்

அறுத்து மிஞ்சிய துண்டில் தேய்ப்பது முதல் கடைசிக் கை வரை எல்லாவற்றையும் செய்து, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் சூடான கோப்பையை வையுங்கள், தண்ணீர் விடுங்கள், பேனாவால் எழுதுங்கள். பிடித்திருந்தால் பலகைக்குப் போகலாம். பலகையின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கம் போலவே அதே பூச்சு, அதே எண்ணிக்கையில் கொடுங்கள். ஒருபக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் ஈரத்தை வேகமாகக் குடித்துப் பலகை வளையும்.

கைக்கு ஒட்டவில்லை என்பதால் உடனே கணினியைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். எண்ணெய் கலந்த பாலியூரிதேன் முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பலகையின்மேல் விரிப்பும் வேண்டாம், கனமான சாமானும் வேண்டாம்.