கார் தட்டுப்பாட்டில் புதுசா, பழசா?

இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் யாழ்ப்பாணத்தில் பழைய காருக்கும் யானை விலை, குதிரை விலை. பற்றறி, ரயர் மாற்றும் செலவையும் கூட்டிப் பாருங்கள். புதுசின் விலையை நெருங்கினால் உத்தரவாதத்தோடு வரும் புதுசே மேல். முற்பணம் கட்டினால், டொலரோ வரியோ ஏறும்போது கூடும் காசை யார் தருவது, எந்தத் திகதிக்குள் கார் வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பழசுக்கு முதலில் பதிவுப் புத்தகம். அதில் லீசிங் கம்பனியின் பெயர் நின்றால், கடன் தீர்ந்து அது நீங்கும்வரை முழுக்காசையும் கொடுக்காதீர்கள். சேசிஸ் இலக்கமும் காரோடு பொருந்த வேண்டும்.

பிறகு டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்பெயார் ரயர் குழியைப் பாருங்கள். கரையோரம் ஓடிய காரை உப்புக்காற்று அடியிலிருந்துதான் தின்னும். அடிப்பக்கம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ற் என்றால் சந்தேகம்தான். டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட்டில் பின்சீற்றருகே உள்ள காற்றுத்துளை தூசியால் அடைத்தால் பற்றறி சூடாகிக் கெடும். ஸ்கேன் கருவி போட்டு, பற்றறிக்குள் உள்ள ஒவ்வொரு புளொக்கின் (செல் தொகுதியின்) வோல்ற்றேஜையும் பாருங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் பற்றறி விலையைக் கழித்துக் கேளுங்கள். விற்பவர் ஸ்கேனுக்கே மறுத்தால் பேச்சை அதோடு விடலாம்.