ஸ்லோ குக்கர் மக்கரோனியை விறகடுப்பில் சமைத்தல்

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் ஸ்லோ குக்கர் (மின்சாரத்தில் மெதுவாகச் சமைக்கும் மூடிய பாத்திரம்) இறைச்சி மக்கரோனிச் செய்முறையைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ விறகடுப்பில் செய்ய விரும்புவோர், முதலில் நீரின் அளவைத் திருத்த வேண்டும். மூடிய அக்கருவியிலிருந்து நீராவி அதிகம் வெளியேறுவதில்லை. அடுப்பிலோ குழம்பு வற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், சுடுநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது சிறிது சிறிதாகச் சேர்க்கவும். செய்முறையில் குறைந்த சூட்டில் 8 மணிநேரம் என்றிருந்தால், இறைச்சிக்குத் தணலில் ஏறத்தாழ 2 மணிநேரம் போதும். ஊர்க்கோழிக்குச் சற்றுக் கூடலாம், அதன் சுவைக்காகக் காத்திருப்பதில் நட்டமில்லை. இறைச்சி மெத்தென்று வெந்த பின்னரே மக்கரோனியைத் தொடவும். அதை 100 கிராமுக்கு 1 லீற்றர் என்ற கணக்கில் உப்பிட்ட கொதிநீரில் தனியாக அவித்து, உறையில் குறித்த நேரத்துக்கு 2 நிமிடம் முன்னதாகவே வடித்துக் குழம்பிலிட்டால், மீதி அங்கேயே வெந்துவிடும். பாலையும் சீஸையும் தணலை வெளியே இழுத்த பிறகே சேர்க்கவும். கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரைந்துவிடும்.