டெக்சாஸின் சின்னக் கவுன்ட்டியில் போலீஸ், கோர்ட் ரெக்கார்டு எடுப்பது எப்படி?

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தேவை பெரும்பாலும் வருவது சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 படிவம் நிரப்பும்போதுதான். பல வருடம் முன்பு பிக் பெண்ட் தேசியப் பூங்கா போய்த் திரும்பும் வழியில் ஒரு கைது. கேஸ் தள்ளுபடியாகி, அதோடு மறந்தும் போயிருக்கும். படிவமோ எப்போதாவது கைதானது உண்டா என்று கேட்கிறது. தள்ளுபடியானாலும், ரெக்கார்டே அழிக்கப்பட்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும். கேஸ் எப்படி முடிந்தது என்பதற்குக் கோர்ட் முத்திரை வைத்த நகலும் வேண்டும்.

பெரிய ஊர் கவுன்ட்டி என்றால் இணையத்தில் பெயரைத் தட்டினாலே பெரும்பாலும் கேஸ் வந்து நிற்கும். டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள் உண்டு, அவற்றில் பாதிக்கு மேல் சின்னவை. அங்கே ரெக்கார்டு ஒரே இடத்தில் இருக்காது. யார் பிடித்தார்கள், எந்த வகைக் குற்றம், எந்தக் கோர்ட் என்று மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் சரியான கதவைத் தட்ட முடியும். இங்கே பிரூஸ்டர் கவுன்ட்டியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பரப்பில் டெக்சாஸிலேயே பெரியது, கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. 2020 கணக்கெடுப்பில் மக்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. தலைநகரம் ஆல்பைன்.

முதல் படி: பிடித்தது யார்?

கையில் பழைய டிக்கெட்டோ ஜாமீன் தாளோ இருந்தால் அதன் தலைப்பைப் பாருங்கள். ஆல்பைன் ஊருக்குள் என்றால் நகரப் போலீஸ். வெளியே கவுன்ட்டி ஷெரிஃப். நெடுஞ்சாலையில் நிறுத்தியது பெரும்பாலும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டிபிஎஸ்ஸின் ட்ரூப்பர். ட்ரூப்பர் பிடித்து ஷெரிஃப் சிறையில் அடைத்திருந்தால், சம்பவ அறிக்கை டிபிஎஸ்ஸிடமும் சிறைப் பதிவு ஷெரிஃபிடமும் இருக்கும். பலர் ஷெரிஃப் ஆபீஸில் அறிக்கை கேட்டு, "எங்களிடம் இல்லை" என்ற பதிலோடு தேடலையே விட்டுவிடுகிறார்கள். அது பொய்யில்லை, கேட்ட இடம்தான் தவறு.

பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குள் ரேஞ்சர் கொடுத்த சீட்டு என்றால் கவுன்ட்டியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அது ஃபெடரல் விவகாரம். சின்னச் சீட்டுகளை சென்ட்ரல் வயலேஷன்ஸ் பீரோ பார்க்கிறது. பெரிய ஃபெடரல் கேஸ் என்றால் ஃபெடரல் கோர்ட் ஆவணங்களுக்கான பேசர் (PACER) தளத்தில் தேடலாம். பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்துக்கு 30 டாலருக்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

எந்தத் தாளும் இல்லை, கவுன்ட்டி பெயர்கூட நினைவில்லை என்றால், கைரேகை கொடுத்து எஃப்பிஐயிடம் உங்கள் சொந்த ரெக்கார்டைக் கேளுங்கள். கட்டணம் 18 டாலர். கைது செய்த துறையும் தேதியும் பெரும்பாலும் அதில் இருக்கும். கேஸ் எப்படி முடிந்தது என்ற இடம் பல சமயம் காலியாகவே கிடக்கும், அதனால் அந்தத் தாளை மட்டும் விண்ணப்பத்தோடு வைத்து அனுப்பிவிடாதீர்கள். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எந்தக் கோர்ட்?

இது குற்றத்தின் வகையைப் பொறுத்தது. கிளாஸ் சி என்பது மிகச் சின்ன வகை, அபராதம் மட்டும், அதிகபட்சம் 500 டாலர். வேக டிக்கெட், 100 டாலருக்குக் குறைவான கடைத் திருட்டு எல்லாம் இதில் வரும். ஊருக்குள் நகரப் போலீஸ் போட்டது முனிசிபல் கோர்ட்டிலும், மற்றவை ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டிலும் இருக்கும். இந்த இரண்டாவதை எல்லோரும் ஜேபி கோர்ட் என்பார்கள். அதற்கு மேலே உள்ள கிளாஸ் பி, கிளாஸ் ஏ இரண்டும் கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போகும். ரெக்கார்டு கவுன்ட்டி கிளார்க்கிடம். குடித்துவிட்டு ஓட்டிய முதல் கேஸ் வழக்கமாக கிளாஸ் பி. ஃபெலனி எனும் பெரிய குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கோர்ட், அதற்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்.

கிராமப்புறத்தில் இரண்டு விஷயம் குழப்பும். மக்கள்தொகை 8,000-க்குக் கீழே உள்ள கவுன்ட்டிகளில் பெரும்பாலும் இந்த இரண்டு கிளார்க் வேலையையும் ஒருவரே பார்ப்பார். அடுத்தது, டிஸ்ட்ரிக்ட் நீதிபதி பல கவுன்ட்டிகளுக்குப் பொதுவானவர். 394-ஆவது டிஸ்ட்ரிக்ட் கோர்ட் பிரூஸ்டர், கல்பர்சன், ஹட்ஸ்பெத், ஜெஃப் டேவிஸ், பிரெசிடியோ ஐந்துக்கும் சேர்த்துத்தான். நீதிபதி எங்கே உட்கார்ந்து விசாரித்தாலும் கேஸ் கட்டு குற்றம் நடந்த கவுன்ட்டியின் கிளார்க்கிடம்தான் இருக்கும்.

ஜேபி கோர்ட்டில் பிரீசிங்ட் எண், அதாவது கவுன்ட்டியின் உட்பிரிவு எண், முக்கியம். ஒரே கவுன்ட்டியில் பல ஜேபிகள் இருப்பார்கள், ஒருவர் கட்டு இன்னொருவரிடம் இருக்காது. பிரூஸ்டரில் தெற்கே டெர்லிங்குவா பக்கம் நடந்ததற்கு, 80 மைல் தள்ளியிருக்கும் ஆல்பைன் ஜேபியைக் கேட்டுப் பயனில்லாமல் போகலாம். டிக்கெட்டின் அடியில் எந்த ஜேபி முன் ஆஜராக வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெயரை எப்படித் தேடுவது?

தமிழர்களின் ரெக்கார்டு "கிடைக்கவில்லை" என்று திரும்புவதற்குப் பெரிய காரணம் பெயர்தான். இதில் நிதானமாக நேரம் செலவழியுங்கள்.

உங்கள் பெயர் கார்த்திகேயன், அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. அமெரிக்க விசாவில் கார்த்திகேயன் குடும்பப்பெயராகவும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்றும் அடித்திருப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. சிறையில் பதிவு செய்தவர் அதைப் பார்த்தே தட்டியிருப்பார். கிளார்க்கின் பட்டியல் குடும்பப்பெயர் வரிசையில் இருக்கும், ஆக நீங்கள் 'கார்த்திகேயன், எஃப்என்யூ' என்று கிடப்பீர்கள். பிறகு பாஸ்போர்ட்டைத் திருத்தி சுப்பிரமணியனைக் குடும்பப்பெயர் ஆக்கியிருந்தால், இன்றைய பெயரில் தேடும் கிளார்க்குக்கு ஒன்றுமே தென்படாது. அவர் நேர்மையாகவே "ரெக்கார்டு இல்லை" என்று கடிதம் கொடுப்பார். அதை குடியுரிமை ஆபீஸில் நீட்டினால், கைரேகையில் கைது தெரியும், கடிதம் இல்லை என்று சொல்லும். தேவையில்லாத வம்பு.

அதனால் கடிதத்தில் எல்லா வடிவத்தையும் எழுதிவிடுங்கள்: இன்றைய பெயர், பழைய பெயர், பெயர்கள் இடம் மாறிய வடிவம், எஃப்என்யூ வடிவம், இனிஷியல் வடிவம். பெயரில் ழகரம் இருந்தால் ஸெட்-ஹெச் போட்டும் எல் போட்டும். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம் என்பதால் முதல் ஆறு எழுத்தை மட்டும் வைத்தும் தேடச் சொல்லுங்கள். பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தாலேயே எழுதுங்கள். ஜூலை 4-ஐ நம் ஊர் வழக்கப்படி 04/07 என்று சொல்லியிருந்தால் அங்கே அது ஏப்ரல் 7 ஆகியிருக்கும்.

எண்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிக்கெட் எண், சிறைப் பதிவு எண், போலீஸ் அறிக்கை எண், கோர்ட் கேஸுக்குத் தரும் காஸ் நம்பர் நான்கும் வேறு வேறு. கிளார்க்குக்கு வேண்டியது காஸ் நம்பர். தெரியாவிட்டால் கைதான தேதி போதும்.

நான்காம் படி: இணையத்தில் பார்த்தல்

பார்க்கலாம், ஆனால் நம்பியிருக்க வேண்டாம். கவுன்ட்டி கிளார்க் தளத்தில் ஒரு தேடல் பெட்டி இருக்கும். பெயரைப் போட்டால் ஒன்றும் வராது, அப்பாடா என்று மூடிவிடுவார்கள். பல இடங்களில் அந்தப் பெட்டி நிலப் பத்திரங்களுக்கு மட்டும்தான். தேடுமுன் எந்த வகை ரெக்கார்டு, எந்த வருடத்திலிருந்து என்று பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிபிஎஸ் நடத்தும் மாநில அளவிலான கட்டணத் தேடலில் பொதுமக்களுக்குத் தெரிவது தண்டனையும், தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தைக் காலம் விதிக்கும் டிஃபர்டு அட்ஜுடிகேஷனும்தான். தள்ளுபடியான கேஸை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. விளம்பரம் போட்டு விற்கும் தனியார் பின்னணித் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அவர்கள் தருவதில் முத்திரை கிடையாது.

ஐந்தாம் படி: கிளார்க்கிடம் கேட்பது

முதலில் போன். சின்ன ஆபீஸில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், மதியம் 12 முதல் 1 வரை பூட்டியிருப்பதும் சகஜம். ஹட்ஸ்பெத் கவுன்ட்டி மலை நேரத்தில் இயங்குகிறது, டாலஸைவிட ஒரு மணி நேரம் பின்னால். காலை 8 மணிக்கு அழைத்துவிட்டு எடுக்கவில்லை என்று வருந்த வேண்டாம். போனில் மூன்றே கேள்வி: கேஸ் உங்களிடம் இருக்கிறதா, சான்றிட்ட நகலுக்கு மொத்தம் எவ்வளவு, பணத்தை எப்படி அனுப்ப வேண்டும். கிளார்க் கட்டணம் வழக்கமாகப் பக்கத்துக்கு 1 டாலரும், சான்றுக்குத் தனியாகச் சில டாலரும். தனிப்பட்ட செக்கை ஏற்காத ஆபீஸ்கள் உண்டு; மணி ஆர்டர் என்றால் தடையில்லை.

பிறகு தபால். பெயர் வடிவங்கள், பிறந்த தேதி, கைதான தேதி, காஸ் நம்பர், அடையாள அட்டை நகல், மணி ஆர்டர், உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை. எந்தெந்தத் தாள் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குற்றச்சாட்டுத் தாள் ஒன்று. கவுன்ட்டி கோர்ட்டில் அது கம்ப்ளெயின்ட்டும் இன்ஃபர்மேஷனும், ஃபெலனியில் இன்டைட்மென்ட். இரண்டாவது, தீர்ப்பு அல்லது தள்ளுபடி உத்தரவு. மூன்றாவது, அபராதமும் நன்னடத்தைக் காலமும் முடிந்ததற்கான தாள். "எல்லாம் அனுப்புங்கள்" என்றால் நாற்பது பக்கத்துக்குப் பணம் கேட்பார்கள், அல்லது ஒரே ஒரு கணினிப் பக்கத்தை அனுப்பிவிடுவார்கள்.

டிஃபர்டு அட்ஜுடிகேஷனில் கவனம் தேவை. நன்னடத்தைக் காலம் முடிந்ததும் டெக்சாஸ் சட்டம் அதைத் தண்டனையாகப் பார்ப்பதில்லை. குடியேற்றச் சட்டமோ, நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுக்காமலோ இருந்து, கோர்ட் ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால் அதைத் தண்டனையாகவே எண்ணும். "கேஸ் டிஸ்மிஸ் ஆகிவிட்டது" என்று நம்பிப் படிவத்தை நிரப்புமுன், இந்த நகல்களோடு குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

கேஸே கோர்ட்டுக்கு வரவில்லை என்பதும் நடக்கும். கைது செய்தார்கள், அரசுத் தரப்பு வக்கீலான கவுன்ட்டி அட்டர்னி குற்றச்சாட்டு பதியவில்லை. அப்போது கிளார்க்கிடம் ரெக்கார்டு இல்லை என்ற கடிதமும், அட்டர்னி ஆபீஸிலிருந்து பதியவில்லை என்ற கடிதமும் இரண்டுமே வாங்குங்கள். கிளாஸ் ஏ, பி குற்றங்களுக்குப் பொதுவாக 2 வருடம் வரை பதிய அவகாசம் உண்டு. கைதாகி ஆறு மாதத்தில் வாங்கிய கடிதத்தை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஆஜராகாமல் விட்ட பழைய டிக்கெட் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் நேரில் போக வேண்டாம். வாரன்ட் நிலுவையில் இருக்கலாம், உள்ளூர் வக்கீலை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: போலீஸ் அறிக்கை

இது வேறு வழி. கோர்ட் ரெக்கார்டுக்கு டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டம் பொருந்தாது. ஷெரிஃபுக்கும் போலீஸுக்கும் டிபிஎஸ்ஸுக்கும் பொருந்தும். எழுத்தில் கேட்க வேண்டும், காரணம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் அறிவித்திருக்கும் முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்புங்கள், ஏதோ ஒரு அதிகாரியின் இன்பாக்ஸுக்கு அல்ல. தர மறுக்க நினைத்தால் அந்தத் துறை 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்பு கேட்க வேண்டும். சாதாரண நகல் பக்கத்துக்கு 10 சென்ட். செலவு 40 டாலரைத் தாண்டினால் முன்கூட்டியே கணக்கு அனுப்புவார்கள். அதற்கு 10 வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால் கோரிக்கையை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள். இப்படி இழந்தவர்கள் நிறைய. ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள்.

தண்டனையிலோ டிஃபர்டு அட்ஜுடிகேஷனிலோ முடியாத கேஸின் அறிக்கையை அவர்கள் சட்டப்படி நிறுத்திவைக்கலாம். அப்போதும் கைதானவர் பெயர், குற்றம், இடம், நேரம் போன்ற அடிப்படைத் தகவலைத் தந்தே ஆக வேண்டும். அதை மட்டும் தனி வரியில் கேட்டு எழுதுங்கள், வேகமாக வரும். அதிகாரியின் உடல் கேமரா வீடியோ வேண்டுமானால் தேதியும் தோராய நேரமும், இடமும், அதில் இருப்பதாகத் தெரிந்த ஒருவரின் பெயரும் கொடுப்பது கட்டாயம்.

கையில் வந்த பிறகு

ரெக்கார்டை அழிக்கும் எக்ஸ்பங்ஷன் மனு போடப் போகிறீர்கள் என்றால், முதலில் சான்றிட்ட நகல்களை வாங்கிவிட்டுப் பிறகு மனு போடுங்கள். உத்தரவு வந்தபின் கிளார்க்கிடம் தருவதற்கு எதுவும் இருக்காது, குடியுரிமைப் படிவமோ அப்போதும் கேட்கும். கீழ்க் கோர்ட்டுகள் கால அட்டவணைப்படி பழைய கட்டுகளை அழிப்பதும் உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உறையைப் பிரித்ததும் மூன்றைப் பாருங்கள்: முத்திரை, கிளார்க்கின் கையெழுத்து, பக்க எண்ணிக்கை. முத்திரை சில சமயம் மை இல்லாமல் தாளை அழுத்திப் பதித்ததாக இருக்கும், விரலால் தடவினால்தான் தெரியும். ஸ்கேனில் பெரும்பாலும் விழாது. மெல்லிய பென்சிலை அதன்மேல் படுக்கையாக லேசாகத் தேய்த்தால் தெரியும் என்று யாராவது சொன்னால், அதை மூலத்தில் செய்யாதீர்கள், குடியுரிமை ஆபீஸுக்கு ஜெராக்ஸும் மூலமும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ஸ்டேபிளைக் கழற்றவே வேண்டாம், கழற்றிய தாளில் பக்கம் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்தில் ஏற்க மறுக்கலாம். ஸ்கேன் எடுக்கக் கட்டோடு பக்கத்தை மடக்கி எடுங்கள். ஆரம்பத்திலேயே இரண்டு செட் வாங்கி, ஒன்றைத் தொடாமல் வையுங்கள்.