பீரோவுக்குப் பின்னால் ஒரு விளக்கு

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். அங்கே உட்கார்ந்துதான் அக்கா கொலுசு டிசைன்களைக் காட்டி வீடியோ எடுப்பாள். அவள் தலைமுடியும் பின்னாலிருக்கும் கரும்பச்சை பீரோவும் ஒன்றாகக் கரைந்துவிடும். இருட்டில் போன் தானாக ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றுவதால் பின்னணி முழுக்கப் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

முதலில் ரிங் லைட் வாங்கினேன். தண்டச் செலவு. அக்காவின் மூக்குக் கண்ணாடியில் இரண்டு வளையம் தெரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம், யூஎஸ்பியில் எரியும் 5 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், 3000 கெல்வின் மஞ்சள், 2 மீட்டர் வாங்கினேன். பீரோவை நான்கு விரல் முன்னால் நகர்த்தி, ஸ்ட்ரிப்பை அதன் முதுகில் சுவரைப் பார்த்து ஒட்டினேன். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மெத்தென்று விரிந்தது. அக்காவின் நாற்காலியையும் 4 அடி முன்னால் இழுத்தேன். முகத்துக்கு வெள்ளை பல்பு, பின்னால் மஞ்சள். படத்தில் ஆள் பீரோவிலிருந்து பிரிந்து தனியாகத் தெரிந்தாள்.

வெளிச்சத்தைக் குறைத்தபோது மட்டும் படத்தில் பட்டை பட்டையாக ஓடியது. மலிவு டிம்மர் விளக்கை நொடிக்குப் பலமுறை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. சரி என்று முழு வெளிச்சத்திலேயே வைத்து, அதை மட்டுப்படுத்த ஸ்ட்ரிப் மேலே பட்டர் பேப்பர் ஒட்டினேன். நின்றுவிட்டது.

இப்போது சுவரில் இருந்த ஒட்டடையும் பளிச்சென்று தெரிகிறது. அம்மா துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டாள்.